கேட்டலும் கேள்வியும்: இந்தியாவில் ஊடக எழுத்தறிவின் முன்வரலாறு

'தகவல் எழுத்தறிவு' என்னும் தொடரை 1974-இல் அமெரிக்காவின் பால் சுர்கோவ்ஸ்கி புழக்கத்திற்குக் கொண்டுவந்தார் என்பது நூலகவியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் செய்தி. 1982-இல் மேற்கு ஜெர்மனியின் குருன்வால்டில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டம் ஊடகக் கல்வி குறித்த அறிக்கையை வெளியிட்டது. பெரும்பாலான பாடநூல்கள் ஊடக எழுத்தறிவின் கதையை இவ்விரு ஆண்டுகளை ஒட்டியே தொடங்குகின்றன. அக்கதையில் இந்தியா மிகப் பிந்தி, கைப்பேசியும் போலிச் செய்தியும் பெருகிய பின்னர், தீர்வு தேடி வரும் நாடாக மட்டுமே இடம்பெறுகிறது. இந்த வரிசைமுறையை மறு ஆய்வுக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் 18.33 விழுக்காட்டினர். அஞ்சலும் தந்தியும் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே வந்துவிட்டன. நாளிதழும் வானொலியும் பின்தொடர்ந்தன. அப்படியாயின், எழுத்தறியாத ஐந்தில் நான்கு பங்கினர் இவ்வூடகங்களை எவ்வாறு கையாண்டனர்? வந்த செய்தியை எந்த அடிப்படையில் நம்பினர், எப்போது ஐயுற்றனர்? இவ்வினாக்களைப் பின்தொடர்ந்தால் ஓர் உண்மை புலப்படும். இந்தியாவில் ஊடக எழுத்தறிவு நெடுங்காலமாகப் பலர் கூடிச் செய்யும் நடைமுறையாகவே இருந்துவந்திருக்கிறது. அதைத் தனிமனிதரின் திறனாக மட்டும் காணத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல்லுக்குச் செவிமடுத்தல், வினவுதல் என்னும் இரு பொருளும் உண்டு. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. நூல் கல்லாதவரும் கேட்டு அறிவு பெற வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. இந்திய ஊடக வரலாற்றைப் படிக்க இச்சொல் நல்லதொரு கருவி. செவிமடுத்தலும் வினவுதலும் ஒன்றாக நடந்த இடங்களில் என்ன நிகழ்ந்தது, செவிமடுத்தல் மட்டுமே எஞ்சிய இடங்களில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சில நிகழ்வுகளின் வழியே காணலாம்.

மூலை கிழிந்த அஞ்சலட்டை

1854-இல் தொலைவைக் கணக்கில் கொள்ளாத ஒரே சீரான அஞ்சல் கட்டணம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1879 ஜூலையில் காலணா அஞ்சலட்டை வெளியானது. அட்டைக்கு உறை கிடையாது. வழியில் எவர் கையில் அகப்பட்டாலும் படிக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கோ அது இன்னொருவரின் வாய்வழியாகவே செய்தியாகும். அஞ்சலக வாசலில் அமர்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பவர், வீட்டுத் திண்ணையில் நின்று படித்துச் சொல்லும் அஞ்சற்காரர், பள்ளி செல்லும் சிறுவன் ஆகியோரே பெரும்பாலான இந்தியர்களின் வாசிப்புக் கருவிகளாக இருந்தனர்.

எனினும் பெறுபவர் முற்றிலும் செயலற்றவராக இருக்கவில்லை. வட இந்தியாவின் பல பகுதிகளில் இறப்புச் செய்தி தாங்கி வரும் அட்டையின் மூலையைக் கிழித்து அனுப்பும் வழக்கம் இருந்தது. திருமணச் செய்தி தாங்கிய மடலில் மஞ்சள் தடவப்பட்டிருக்கும். இவ்வழக்கம் தமிழ்நாட்டுக்கும் நன்கு அறிமுகமானது. எழுத்து ஒன்றும் அறியாதவர்கூட அட்டையைக் கையில் வாங்கிய கணமே அதன் வகையை அறிந்துகொண்டார். அரசு அச்சிட்டு விற்ற ஒரு பொருளுக்கு மக்கள் தாமே வகுத்துக்கொண்ட குறியீட்டு இலக்கணம் இது. எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாத இத்திறனை ஊடக எழுத்தறிவு எனக் கொள்வதில் தவறில்லை. செய்தியின் உள்ளடக்கத்தில் ஐயம் எழுந்தால் அதே அட்டையை வேறொருவரிடம் கொண்டுசென்று மீண்டும் படிக்கச் சொல்லவும் முடிந்தது. ஊடகம் மெதுவாக நகர்ந்ததால் சரிபார்ப்புக்கு இடமிருந்தது.

கோரக்பூர், 1921

கூட்டு வாசிப்பு எப்போதும் உண்மையை நோக்கியே சென்றது என எண்ணிவிடலாகாது. 1921 பிப்ரவரி 8 அன்று காந்தி கோரக்பூருக்கு வந்தார். அதை ஒட்டிய மாதங்களில் கிழக்கு உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் அவரைப் பற்றிப் பரவிய அற்புதக் கதைகளை வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் 1984-இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் ஆராய்ந்தார். கோரக்பூரிலிருந்து வெளியான 'ஸ்வதேஷ்' என்னும் இந்தி வார இதழ் இக்கதைகளை அச்சிட்டது. அச்சில் வந்ததால் அவற்றுக்குப் புதிய மதிப்புக் கூடியது. இதழைப் படிக்கக் கேட்டவர் வழியே அவை மீண்டும் வாய்மொழியாயின. வாய்மொழியும் அச்சும் எதிரெதிராக நிற்காமல் ஒன்றையொன்று வளர்த்த விதத்தை இவ்வாய்வு காட்டியது.

இக்கதைகளின் அமைப்பு நுட்பமானது. மகாத்மாவுக்கு ஆற்றல் உண்டென்றால் இன்னது நடக்கட்டும் என்று ஒருவர் சோதிக்கிறார், அது நடந்துவிடுகிறது. அல்லது அவரைப் பழித்தவருக்குத் தீங்கு நேர்கிறது. அதாவது, வதந்திக்குள்ளேயே ஒரு சோதனை இடம்பெற்றிருக்கிறது. மக்கள் சான்று கேட்காமல் நம்பினர் என்று சொல்வதற்கில்லை. சான்று கேட்பதன் வடிவத்தையே கதையும் எடுத்துக்கொண்டது. ஆனால் சோதனை எப்போதும் வேறோர் ஊரில், வேறொருவரால் நடத்தப்பட்டதாகவே இருந்தது. கேட்பவர் அதைத் திரும்பச் சென்று வினவ வழியில்லை. காங்கிரஸ் தலைவர்கள் விரும்பிய காந்தியும் உழவர் மனத்தில் உருவான காந்தியும் வேறுவேறாயினர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே மாவட்டத்தின் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டபோது அவ்விடைவெளி நாடறியத் தெரிந்தது.

பூட்டிய பெட்டி

1930-களில் சிற்றூர் வானொலி பற்றிக் காலனிய அதிகாரிகள் பெரும் ஆர்வம் காட்டினர். பஞ்சாபின் எஃப்.எல். பிரேன் போன்ற ஊரக மேம்பாட்டு ஆர்வலர்கள் வானொலியைச் சோர்வறியாத ஆசிரியராகக் கண்டனர். பொதுவிடத்தில் வைக்கப்பட்ட பெட்டிகளுள் பல, குறிப்பிட்ட ஒரு நிலையத்தை மட்டுமே எடுக்குமாறு முன்கூட்டியே அமைக்கப்பட்டுப் பூட்டப்பட்டன. ஊரார் கேட்கலாம், அலைவரிசையைத் திருப்ப இயலாது. மறுமொழி கூறுவதற்கான ஏற்பாடும் பெயரளவிலேயே இருந்தது. 1936-இல் அகில இந்திய வானொலி என்று பெயர் பெற்ற நிறுவனம் விடுதலைக்குப் பின் புதிய நாட்டிடம் வந்து சேர்ந்தபோது, பெட்டியுடன் இந்தக் கருத்தும் சேர்ந்தே வந்தது: ஊருக்குத் தேவைப்படுவது தகவல், தகவல் சேர்ந்துவிட்டால் மாற்றம் தானே நிகழும்.

இக்கருத்தைச் சோதனைக்கு உட்படுத்தியதே 1956-ஆம் ஆண்டின் பூனா முயற்சி. இன்றைய ஊடக எழுத்தறிவு ஆய்வுகளில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பூனா, 1956

அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் இணைந்து அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மராத்தி மாவட்டங்களில் 150 ஊர்களைத் தேர்ந்தெடுத்தன. பூனா, அகமத்நகர், நாசிக், வடக்கு சாத்தாரா, கோலாப்பூர் ஆகியவையே அம்மாவட்டங்கள். ஒவ்வோர் ஊரிலும் இருபது பேர் வரை கொண்ட 'வானொலி உழவர் மன்றம்' அமைக்கப்பட்டது. முன்மாதிரி கனடாவின் உழவர் வானொலி மன்றங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பத்து வாரங்கள், வாரத்துக்கு இரண்டாக, மொத்தம் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. வேளாண்மை, உடல்நலம், கல்வி, உள்ளாட்சி எனப் பொருள்கள் பலவாக அமைந்தன.

நிகழ்ச்சி அரை மணி நேரமே. அது முடிந்ததும் பெட்டி அணைக்கப்படும். மன்றத்தார் கேட்டதைப் பற்றி விவாதிப்பர். சொன்னது நம் ஊருக்குப் பொருந்துமா, நம் மண்ணுக்கு ஏற்றதா, செலவுக்கு எங்கே போவது என்னும் வகையில் பேச்சு வளரும். விவாதத்தின் முடிவுகளும் எழுந்த ஐயங்களும் குறித்துக்கொள்ளப்பட்டு வானொலி நிலையத்துக்கு அனுப்பப்படும். பின்வரும் நிகழ்ச்சிகளில் அவற்றுக்கு விடை கூறப்படும். தன் ஊர் அனுப்பிய வினா பூனாவிலிருந்து ஒலிப்பதைக் கேட்கும் அனுபவம், பூட்டிய பெட்டியின் காலத்தில் எண்ணிப் பார்க்க இயலாதது.

மதிப்பீட்டுப் பொறுப்பு பம்பாயின் டாடா சமூக அறிவியல் நிறுவனத்திடம் தரப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் அங்கே வருகைப் பேராசிரியராக இருந்த பால் நொய்ராத். வியன்னாவில் பிறந்தவர், தத்துவ அறிஞர் ஓட்டோ நொய்ராத்தின் மகன், நாஜிகளின் டாஹாவ், பூக்கன்வால்ட் வதைமுகாம்களில் அடைபட்டு மீண்டவர். முழுமையான பரப்புரை அரசு ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நொய்ராத்தின் ஆய்வு வடிவமைப்பு இன்றைய அளவுகோலிலும் தேர்ந்தது. மன்றம் உள்ள இருபது ஊர்கள் ஒருபுறம். மன்றம் இல்லாத இருபது ஊர்கள் மறுபுறம். பின்னவற்றுள் பத்து ஊர்களில் வானொலிப் பெட்டி இருந்தது, பத்தில் அதுவும் இல்லை. ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும் மக்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில் அறிவின் வளர்ச்சி மிகப் பெரிதாக இருந்தது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி சொற்பம். வானொலியும் இல்லாத ஊர்களில் ஏறத்தாழ மாற்றமே இல்லை.

இம்முடிவின் பொருள் தெளிவானது. ஒரே அலைவரிசை, ஒரே மொழி, ஒரே நிகழ்ச்சி. பெட்டியைச் சுற்றி மனிதர்கள் எவ்வாறு அமர்ந்தனர் என்பதே வேறுபாடு. எழுத்தறிந்தோரும் அறியாதோரும் மன்றத்தில் கலந்தே இருந்தனர். எழுத்தறியாமை விவாதத்திற்குத் தடையாகவில்லை. ஜகதீஷ் சந்திர மாத்தூரும் நொய்ராத்தும் எழுதிய அறிக்கையை 1959-இல் யுனெஸ்கோ நூலாக வெளியிட்டது. மாத்தூர் அப்போது அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநர். இந்தி நாடக ஆசிரியராகவும் அறியப்பட்டவர்.

மன்றங்களை இலட்சியப்படுத்தவும் தேவையில்லை. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஊரின் சாதி, நிலவுடைமை அடுக்குகள் மன்றத்தின் வாசலோடு நின்றுவிட்டிருக்க இயலாது. எதைப் பேசலாம் என்னும் பட்டியலையும் நிலையமே வகுத்தது. 1959-க்குப் பின் திட்டம் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டபோது மன்றங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. ஆனால் எண்ணிக்கைக்குக் கிடைத்த கவனம் வினா திரும்பிச் செல்லும் வழிக்குக் கிடைக்கவில்லை. மன்றம் என்பது பதிவேட்டில் நிரப்பப்படும் இலக்காக மாறியபோது அதன் உயிர்நிலை தளர்ந்தது.

திரை வந்த பின்

இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் யுனெஸ்கோ உதவியுடன் தொடங்கியபோதும் தொடக்கத்தில் அது கூடிப் பார்க்கும் ஊடகமாகவே இருந்தது. தில்லியில் தொலைக்காட்சி மன்றங்கள் அமைக்கப்பட்டன. 1967 ஜனவரி 26 அன்று தொடங்கிய 'கிருஷி தர்ஷன்' தில்லியைச் சுற்றியிருந்த 80 ஊர்களில் பொதுவிடங்களில் பார்க்கப்பட்டது. விக்ரம் சாராபாயின் கனவில் பிறந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்கு நாள்தோறும் நான்கு மணி நேர நிகழ்ச்சிகள் சென்றன. கம்பி வலையால் செய்த மூன்று மீட்டர் அலைவாங்கிகளை இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்தனர். தொழில்நுட்பச் சாதனை என்ற வகையில் அது உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஆனால் அந்த ஓராண்டு முழுவதும் நாடு நெருக்கடி நிலையின்கீழ் இருந்தது. 1975 ஜூன் 25-க்குப் பின் செய்தித்தாள்கள் முன்தணிக்கைக்கு உட்பட்டன. எழுத்தறிந்த நகரத்தார் எதைப் படிக்கலாம் என்பதை அரசு தீர்மானித்த அதே மாதங்களில்தான் எழுத்தறியாத ஊரார் வளர்ச்சிச் செய்திகளை வானிலிருந்து பெற்றனர். அரசின் குரல் ஊருக்குச் சென்று சேரும் வழி வியக்கத்தக்க வகையில் விரிந்தது. ஊரின் குரல் திரும்பும் வழி விரியவில்லை. அச்சோதனையிலும் பெரும் வெற்றியாகக் கருதப்பட்ட பகுதி ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கு அறிவியல் கற்பித்தலில் தரப்பட்ட பயிற்சியே அது. அதில் தொலைக்காட்சியுடன் வானொலியும் அச்சுப் பாடங்களும் நேரில் வழிநடத்தும் பயிற்றுநர்களும் இணைக்கப்பட்டிருந்தனர். குஜராத்தின் கேதா மாவட்டத்தில் உள்ளூர் மக்களையே நிகழ்ச்சி ஆக்கத்தில் பங்கேற்கச் செய்த திட்டமும் இதே காலத்தில் தொடங்கியதுதான்; 1984-இல் அது யுனெஸ்கோவின் ஊரகத் தொடர்பியல் பரிசைப் பெற்றது. பூனா கண்ட உண்மையே வேறு வடிவில் மீண்டும் உறுதியாயிற்று.

1980-களில் ஒளிபரப்பு நிலையங்கள் விரைவாகப் பெருகின. தொலைக்காட்சிப் பெட்டி ஊர்ச் சாவடியிலிருந்து வீட்டின் கூடத்திற்கு இடம்பெயர்ந்தது. அண்டை வீட்டார் வாசலில் நின்று பார்த்த காலம் சில ஆண்டுகளில் கடந்தது. கூடிப் பார்க்கும் பழக்கம் குறைந்ததோடு, கூடிப் பேசும் பழக்கமும் ஊடகத்திலிருந்து பிரிந்தது.

கோட் கிரானா, 1994

வினவும் மரபு ஊடகத் துறைக்கு வெளியே வேறொரு வடிவில் எழுந்தது. ராஜஸ்தானில் 1990-இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளில் கூலி பெற்றவர்களின் வருகைப் பதிவேடுகளும் செலவுச் சீட்டுகளும் ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில் வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், இறந்தவர்கள் உழைத்ததாகக் காட்டப்பட்டிருந்ததும், முடியாத கட்டடங்கள் முடிந்ததாகக் கணக்கு வைக்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. 'நம் பணம், நம் கணக்கு' என்பதே அவர்களின் முழக்கம்.

தகவல் எழுத்தறிவின் மிகச் சிறந்த வகுப்பறை இதுவே எனலாம். ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. அதைச் சரிபார்க்கத் தேவையான அறிவோ கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்திடம் இருந்தது. யார் உயிரோடு இருக்கிறார், யார் எப்போது வெளியூர் சென்றார், எந்தக் கட்டடத்திற்குக் கூரை இல்லை என்பதை ஊர் அறியும், ஆவணம் அறியாது. எழுத்தறியாத ஒரு மூதாட்டி எழுந்து 'அவர் இறந்து பல ஆண்டுகளாயிற்றே' என்று சொல்லக் கூடிய இடம் அமைந்துவிட்டால், அரசு முத்திரை பதித்த தாளும் பொய்யெனத் தெரிந்துவிடும். மூல ஆவணத்தைக் கோருதல், அதை அறிந்த உண்மையோடு ஒப்பிடுதல், பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்டல் ஆகிய மூன்றும் அங்கு ஒரே மேடையில் நடந்தன. 1996-இல் பியாவரில் நாற்பது நாள் நீடித்த தர்ணாவைக் கடந்து, அந்த இயக்கம் நாடளாவிய கோரிக்கையாக வளர்ந்து, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு இட்டுச் சென்றது.

ராயின்பாடா, 2018

கூடியிருப்பதே பாதுகாப்பு என்று கொள்வது எவ்வளவு தவறு என்பதை 2018 ஜூலை 1 உணர்த்தியது. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்னும் ஊரின் வாரச்சந்தைக்கு வந்த நாடோடிச் சமூகத்தவர் ஐவர், குழந்தை கடத்துவோர் என்னும் ஐயத்தில் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். கொலை நடந்த இடம் ஊராட்சி அலுவலகம். துலே, 1956-இல் மன்றங்கள் இயங்கிய நாசிக் மாவட்டத்தை அடுத்திருப்பது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன், அந்த வட்டாரத்தின் உழவர்கள் கேட்ட செய்தியை ஆராய்வதற்காகக் கூடினர். இப்போது கூடியவர்கள் கேட்ட செய்தியை நிறைவேற்றுவதற்காகக் கூடினர்.

அந்நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் வாட்ஸாப் வழியே பரவிய காணொளிகளுள் ஒன்று, இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். குழந்தை திரும்ப விடப்படுவதும் விழிப்புணர்வு வாசகமும் இடம்பெற்ற இறுதிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. கோரக்பூர் கதைகளைப் போலவே இங்கும் சான்று போன்ற ஒன்று செய்திக்குள்ளேயே இருந்தது. கண்ணால் கண்ட காட்சி என்பதால் அதன் வலிமை பன்மடங்கு. அனுப்பியவர் யார் எனத் தெரியாது. கேட்டுத் தெளிய முகவரி இல்லை. 

மன்றத்திற்கும் கும்பலுக்கும் உள்ள வேறுபாடு ஆட்களின் எண்ணிக்கையிலோ கல்வித் தகுதியிலோ இல்லை. மன்றத்தில் செய்திக்கும் செயலுக்கும் இடையே காலம் இருந்தது. 'இது உண்மையா?' என்று ஒருவர் எழுந்து கேட்க இடமிருந்தது. அவ்வினா செய்தியின் மூலத்திற்குச் சென்று விடையோடு திரும்ப வழியும் இருந்தது. காலம், வினவும் உரிமை, மூலத்திற்கான வழி ஆகிய மூன்றும் நீங்கிய கூட்டமே கும்பலாகிறது. இக்கொலைகளுக்குப் பின் 2018 ஜூலையில் வாட்ஸாப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. செய்தியின் வேகத்தை அது ஓரளவு குறைக்கலாம். வினவும் உரிமையையும் மூலத்திற்கான வழியையும் எந்த மென்பொருள் மாற்றமும் தந்துவிடாது.

பீகாரின் இரு ஆய்வுகள்

2019 பொதுத் தேர்தல் காலத்தில் பீகாரில் அரசியல் அறிவியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் ஒரு களச் சோதனையை நடத்தினார். ஏறத்தாழ 1,200 பேரிடம் நடத்தப்பட்ட அவ்வாய்வில், ஒரு பிரிவினருக்கு வீட்டிற்கே சென்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் போலிச் செய்தியை இனங்காணும் வழிகள் கற்பிக்கப்பட்டன. ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கட்சிப் பற்றுள்ள ஒரு பிரிவினரிடம் எதிர்மறை விளைவும் காணப்பட்டது.

சில ஆண்டுகளுக்குப் பின் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் வேறொரு வழியை மேற்கொண்டனர். 583 ஊர்களைச் சேர்ந்த 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள், அரசின் சமுதாய நூலகங்களில், ஏறத்தாழ பதினான்கு வாரங்களில் நான்கு அமர்வுகளாகத் தகவலை ஆராயும் பயிற்சி பெற்றனர். இம்முறை விளைவு தெளிவாக இருந்தது. மாதங்கள் கடந்தும் நிலைத்தது. பயிற்சியே பெறாத பெற்றோரிடமும் ஓரளவு பரவியது. வீட்டில் தனியாக, ஒரே முறை. நூலகத்தில் சேர்ந்து, பலமுறை. இரண்டுக்கும் இடையே வயது, பாடத்திட்டம் முதலிய வேறுபாடுகள் உண்டு என்பதால் நேரடி ஒப்பீட்டில் எச்சரிக்கை தேவை. ஆயினும் பூனா அறிக்கையைப் படித்தவருக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

கொள்கைக்கு இவ்வரலாறு வைக்கும் வினா

2017-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக எண்ணிமக் கல்வியறிவுத் திட்டம், ஆறு கோடி ஊரகக் குடும்பங்களில் குடும்பத்திற்கு ஒருவர் வீதம் எண்ணிம எழுத்தறிவு பெறச் செய்வதை இலக்காகக் கொண்டது. இருபது மணி நேரப் பயிற்சியில் கருவியை இயக்குதல், இணையத்தில் தேடுதல், அரசுச் சேவைகளைப் பெறுதல், பணம் செலுத்துதல் போன்றவை கற்பிக்கப்பட்டன. இவை தேவையான திறன்கள். கூலி வங்கிக் கணக்கிற்கு வரும் காலத்தில் இவற்றை அறியாதவர் ஏமாற்றப்படுவார். ஆனால் எழுத்தறிவு என்பதன் பொருள் இங்கே ஒரு தனிமனிதர் ஒரு கருவியை இயக்கத் தெரிந்திருத்தல் என்பதாகச் சுருங்கியிருக்கிறது. 1930-களின் பூட்டிய பெட்டிக்குப் பின்னால் இருந்த நம்பிக்கையும் இதுவே: கருவி சேர்ந்தால் அறிவு சேரும்.

எழுத்தறிவு விழுக்காடு நான்கு மடங்காக உயர்ந்துள்ள நாட்டில், ஒவ்வொருவரும் தம் உள்ளங்கையில் தாமே படித்துத் தாமே தீர்ப்பளிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அஞ்சலட்டையைப் படித்துக் காட்டியவரும், மன்றத்தில் ஐயம் எழுப்பியவரும், மக்கள் விசாரணையில் எழுந்து மறுத்தவரும் அந்த உள்ளங்கையில் இல்லை. அந்தச் சுமையைத் தனியாகத் தாங்க இயலாதவரை அறியாமை உடையவர் என்று பழிப்பது எளிது. வரலாறு அப்பழிக்கு இடம் தரவில்லை. இந்தியாவில் எழுத்தறிந்தவரும் எழுத்தறியாதவரும் பொய்யைக் கண்டுபிடித்த இடங்களிலெல்லாம், அதைக் கண்டுபிடிப்பதற்கான ஓர் ஏற்பாட்டை எவரோ முன்கூட்டியே அமைத்திருந்தனர். மன்றச் செயலாளரின் குறிப்பேடு, விசாரணை மேடையின் ஒலிவாங்கி, ஊர் நூலகத்தின் நான்காவது அமர்வு ஆகியவை அத்தகைய எளிய ஏற்பாடுகளே.

ஆகவே, ஊடக எழுத்தறிவுத் திட்டம் ஒன்றை மதிப்பிடுவோர் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை பேர் தேர்வில் தேறினர் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. அத்திட்டம் நடந்த ஊரில், ஒரு செய்தியை ஐயுறும் ஒருவர் யாரிடம் போய்க் கேட்பார், விடை எத்தனை நாளில் அவரிடம் திரும்பி வரும் என்பதையும் கேட்க வேண்டும். 1956-இல் பூனா வானொலி நிலையத்திடம் இவ்வினாவுக்கு விடை இருந்தது.